லா கொம்யூன் ‘த்யூரே’யா, ‘ஆ த்யூரே’யா? 72 நாள் நீடித்ததற்கு ஏன் அம்பர்ஃபே வராது?

மாலா93 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பாரிசுக்கு வடக்கே 93ஆம் மாவட்டத்தில் இருக்கிறேன். கணவரிடம் வந்து சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை. வாரத்தில் இரண்டு மாலை பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். டெல்ஃப் பி1 தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. நிகழ்காலம், எதிர்காலம் எல்லாம் ஓரளவு வந்துவிட்டன. இறந்தகாலம் மட்டும் கைக்குள் நிற்க மறுக்கிறது.

போன வாரம் பாரிஸ் கம்யூனைப் பற்றி, அதாவது 1871இல் பாரிஸ் மக்கள் எழுந்து அமைத்த ஆட்சியைப் பற்றி, ஒரு பக்கம் வாசிக்கக் கொடுத்து, அதைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னார்கள். ‘லா கொம்யூன் த்யூரே சுவசாந்த்-தூஸ் ஜூர்’ என்று எழுதினேன். கம்யூன் 72 நாள் நீடித்தது என்ற பொருளில்தான். கொப்பி திரும்பி வந்தபோது அந்த வரியில் சிவப்பு வட்டம். திருத்தத்தில் ஒரே ஓர் ‘ஆ’ கூடியிருந்தது: ‘லா கொம்யூன் ஆ த்யூரே’. தொடர்ந்து நடந்தது என்றால் அம்பர்ஃபே, நடந்து முடிந்தது என்றால் பாஸே கொம்போஸே என்றுதான் முதல் மாதம் சொல்லித் தந்தார்கள். 72 நாள் என்பது தொடர்ந்து நடந்ததுதானே? ஆசிரியர் விளக்கினார், ஆனால் வேகமாக, பிரெஞ்சில். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்று பேச்சில். ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் தையல் கடையில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன் என்று சொல்ல வேண்டும். ‘ஜே திரவாயே’ என்று சொல்ல நினைத்து, வாயில் வந்தது ‘ஜ திரவாயே’. எதிரே இருந்தவர் பேனாவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இருவரும் பேசாமல் இருந்தோம். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

தமிழில் நினைத்துப் பிரெஞ்சில் சொல்ல ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். அட்டவணை என்னிடம் நிறைய இருக்கிறது.

லியோன்_பத்மா எழுதியது:

மாலா, எனக்கு உதவியது வீட்டுப் படம்தான். ஒரு வீடு வரையுங்கள். வாசலில் வருதல், போதல், நுழைதல், வெளியேறுதல். படிக்கட்டில் ஏறுதல், இறங்குதல், விழுதல். உள்ளே பிறத்தல், தங்குதல், இறத்தல். அந்த வீட்டோடு சேர்ந்த வினைகளுக்குப் பாஸே கொம்போஸேயில் ‘எத்ர்’ துணைவினை, தன்னைத்தானே குறிக்கும் ‘ஸ’ சேர்ந்த வினைகளுக்கும் அதுவே. மற்றதற்கெல்லாம் ‘அவுவார்’. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துப் பாருங்கள். எது எப்போது வரும் என்ற உங்கள் முதல் கேள்விக்கு எனக்குச் சரியாக விளக்கத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

கரவெட்டியான் எழுதியது:

தங்கச்சி, இதே கம்யூனில் இதே சிவப்பு வட்டத்தை நானும் வாங்கியிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006ஆம் ஆண்டு. பகலில் நித்திரை, இரவில் ஓர் உணவகக் குசினியில் பாத்திரம் கழுவும் வேலை, நடுவில் 18ஆம் வட்டாரத்தில் ஒரு சங்கம் நடத்திய இலவச வகுப்பு. சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மதாம் என்றே அழைப்போம். நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேரும் இறந்தகாலத்தில் இடறி விழுந்துகொண்டிருந்தோம். மார்ச் மாதத்தில் ஒருநாள், வரும் சனிக்கிழமை வகுப்பு அறையில் இல்லை, அன்வேர் மெட்ரோ வாசலுக்கு வாருங்கள் என்றார். லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெட்ரோவில் ஏறினால் பார்பேஸ், அடுத்தது அன்வேர். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே இறங்கி மோன்மார்த்ர் குன்றின் மேல் இருக்கும் அந்த வெள்ளைத் தேவாலயத்தின் முன் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். தேவாலயத்துக்குக் கீழே படிக்கட்டுகளோடு இருக்கும் பூங்காவுக்கு லூயிஸ் மிஷேல் என்று பெயர் என்பதையும், அவர் அந்தக் குன்றில் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஓர் ஆசிரியை என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

மதாம் எங்களைப் படிக்கட்டின் அடியில் வரிசையாக நிறுத்தினார். “நான் ஒரு கதை சொல்லப் போகிறேன். கதை முன்னே போனால் ஒரு படி ஏறுங்கள். கதை முன்னே போகாமல் சுற்றி என்ன இருந்தது என்று மட்டும் சொன்னால், நின்ற இடத்தில் நின்று சுற்றிப் பாருங்கள். அதற்கு முன்னமே நடந்து முடிந்த ஒன்றைச் சொன்னால், திரும்பிக் கீழே பாருங்கள்.” அவ்வளவுதான் விதி. பிறகு 1871 மார்ச் 18 விடியற்காலையைச் சொல்லத் தொடங்கினார்.

‘இல் ஃபெஸே நுயி.’ இருட்டாக இருந்தது. யாரும் ஏறவில்லை. ‘பரி தோர்மே.’ பாரிஸ் உறங்கிக்கொண்டிருந்தது. ஏறவில்லை. ‘லே கனோன் எத்தே ஸ்யூர் லா ப்யூத்.’ பீரங்கிகள் குன்றின் மேல் இருந்தன. இன்னும் அதே படியில்தான் நிற்கிறோம். ‘லே பரிசியான் அவே பெயே லே கனோன்.’ பாரிஸ் மக்கள் அந்தப் பீரங்கிகளுக்கு முன்பே பணம் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் திரும்பிக் கீழே, நகரத்தைப் பார்த்தோம்.

கதை தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு சொல். 1870 செப்டெம்பரிலிருந்து 1871 ஜனவரி இறுதிவரை பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டிருந்தது. அந்தப் பட்டினிக் காலத்தில் மக்கள் காசு சேர்த்து வாங்கிய பீரங்கிகள் தேசியக் காவல் படையிடம் இருந்தன. போர் தோல்வியில் முடிந்து, பிரஷ்யர்கள் நகருக்குள் அணிவகுக்க வருகிறார்கள் என்றதும், அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று மக்களே மேற்குப் பகுதியிலிருந்து அவற்றை இழுத்துக்கொண்டு போய் மோன்மார்த்ர், பெல்வில் குன்றுகளில் ஏற்றினார்கள். மோன்மார்த்ரில் மட்டும் ஏறத்தாழ 170. அரசுத் தலைவர் தியேர் அவற்றைப் பறிக்கத்தான் அந்த விடியற்காலையில் படையை அனுப்பினார்.

படிக்கட்டுக்கு வருகிறேன். ‘லே சொல்தா சோன் மோந்தே.’ படைவீரர்கள் ஏறினார்கள். ஒன்பது பேரும் ஒரு படி ஏறினோம். ‘இல்சோன் ப்ரி லே கனோன்.’ பீரங்கிகளைப் பிடித்தார்கள். இன்னொரு படி. ‘லே ஷவோ நெத்தே பாஸ் அரிவே.’ இழுத்துப் போக வேண்டிய குதிரைகள் வந்து சேர்ந்திருக்கவில்லை. ஒரு தோழர் ‘வருதல்’ என்று கேட்டதும் அவசரப்பட்டு ஏறிவிட்டார். மதாம் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். “குதிரை வரவே இல்லை, நீ எப்படி ஏறினாய்? நிற்கிறாய், காத்திருக்கிறாய், கீழே பார்க்கிறாய்.” அந்த நிமிடத்தில்தான் ப்ளுஸ்-க-பர்ஃபே, அதாவது கதைக்கு முன்னமே நடந்ததை (அல்லது நடக்காததை)ச் சொல்லும் இறந்தகாலம், என் மண்டைக்குள் இறங்கியது. குன்றின் மேல் பீரங்கியைப் பிடித்துக்கொண்டு, குதிரை வருகிறதா என்று தெருவைப் பார்த்து நிற்கும் படைவீரனின் நிலை அது.

‘லூயிஸ் மிஷேல் சுவாஞே ல பிளெசே.’ காயம்பட்ட ஒரு காவலருக்கு லூயிஸ் மிஷேல் மருந்து போட்டுக்கொண்டிருந்தார். நிற்கிறோம். ‘எல் எ தெசாந்யூ.’ அவர் குன்றிலிருந்து ஓடி இறங்கினார். இறங்கியதைச் சொல்லும்போதும் நாங்கள் ஒரு படி ஏறினோம், ஏனென்றால் கதை முன்னே போகிறது. பிறகு மணி அடித்தது. பால் வாங்கப் புறப்பட்ட பெண்கள் கூடினார்கள். பீரங்கிகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவே போய் நின்றார்கள். தளபதி லகோந்த் சுட ஆணையிட்டார். படைவீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டையை வானத்துக்குத் தூக்கினார்கள்: ‘லே சொல்தா ஓன் லவே லா க்ரோஸ் ஆன் லேர்.’ அந்த வாக்கியம் வந்தபோது நாங்கள் நின்ற படியிலிருந்து பாரிஸ் முழுவதும் தெரிந்தது.

இனி உங்கள் 72 நாள். நீளமா குட்டையா என்பது கணக்கே இல்லை, தங்கச்சி. தலையும் வாலும் சொல்லிவிட்டால் அது ஒரு பெட்டி. மார்ச் 18 ஒரு பக்கம், மே 28 மறு பக்கம், நடுவில் 72 நாள், மூடி போட்டாயிற்று. மூடிய பெட்டியை ஒரே படியாகத் தாண்டிவிடலாம், ஆகவே ‘ஆ த்யூரே’. நூறு ஆண்டுப் போரும் இந்தக் கணக்கில் ‘ஆ த்யூரே’தான். தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். “கம்யூன் 72 நாள் நீடித்தது” என்கிறோம். “72 நாள் நீடித்துக்கொண்டிருந்தது” என்று யாராவது சொல்வார்களா? நம் வாய்க்கு விதி ஏற்கெனவே தெரியும்.

நாம் பிழைவிடுவது வேறிடத்தில். அம்பர்ஃபே என்றால் ‘கொண்டிருந்தான்’ என்று ஒரே சாவியை வைத்திருக்கிறோம். தமிழில் அதற்கு மூன்று சாவி வேண்டும். ஒன்று ‘உறங்கிக்கொண்டிருந்தது’. இரண்டு வெறும் ‘இருந்தது’: இருட்டாக இருந்தது, குளிராக இருந்தது, பசி இருந்தது. மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறோம்: அந்தக் காலத்தில் அம்மா விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவிப்பார். ‘அவிப்பார்’ என்பது பார்வைக்கு எதிர்காலம், ஆனால் சொல்வது பழைய வழக்கத்தை. அந்த ‘பார்’, ‘வார்’ எல்லாம் பிரெஞ்சில் நேராக அம்பர்ஃபே. முற்றுகைக் குளிர்காலத்தில் பெண்கள் பாணுக்கும் இறைச்சிக்கும் வரிசையில் நிற்பார்கள், எலி இறைச்சியும் தின்பார்கள்: ‘எல் மான்ஜே’. ஆனால் தாவரவியல் பூங்காவில் இருந்த காஸ்தோர், பொல்யுக்ஸ் என்ற இரண்டு யானைகளை 1870 டிசம்பர் இறுதியில் இறைச்சிக்காகக் கொன்றார்கள். யானைகளைக் கொன்றது ஒரு தடவை நடந்தது, பாஸே கொம்போஸே: ‘ஓன் ஆ அபத்யூ லேசெலெஃபான்’. எலி வழக்கம், யானை சம்பவம். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் போதும்.

எனக்கு நெருக்கமான இன்னொரு சோடியையும் சொல்கிறேன். வெதுப்பகத் தொழிலாளர்கள் இரவிரவாக வேலை செய்வார்கள்: ‘லே புலான்ஜே திரவாயே லா நுயி’. ஏப்ரல் 20ஆம் திகதி கம்யூன் அந்த இரவு வேலையைத் தடை செய்தது: ‘லா கொம்யூன் ஆ ஏந்தெர்தி ல திரவாய் த நுயி’. அந்த வாக்கியத்தை மதாம் சொன்னபோது நான் இரவு வேலை முடித்து நித்திரையில்லாமல் அந்தப் படியில் நின்றிருந்தேன். 135 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் இதை நினைத்து ஒரு சட்டம் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விடயமாக இருந்தது. அந்த வாக்கியத்தை நான் ஒருபோதும் பிழையாக எழுதியதில்லை.

பத்மா சொன்ன வீட்டுப் படம் நல்லது, ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது, அதையும் இந்தக் குன்றே காட்டித்தருகிறது. படைவீரர்கள் தாமே ஏறினால் ‘சோன் மோந்தே’. பாரிஸ் மக்கள் பீரங்கிகளை ஏற்றினால் ‘ஓன் மோந்தே லே கனோன்’. நமக்கு ஏறு, ஏற்று என்று இரண்டு வினை இருக்கிறது. பிரெஞ்சுக்காரரிடம் ஒரே வினைதான், ஆகவே துணைவினையை மாற்றி அந்த வேறுபாட்டைச் சொல்கிறார்கள். இறங்கு, இறக்கு என்பதும் அப்படியே. படைவீரர்கள் இறங்கினார்கள், ‘சோன் தெசாந்யூ’. ஆனால் பீரங்கிகளை அவர்கள் இறக்கவில்லை, ‘நோன் பா தெசாந்யூ லே கனோன்’. ஏறு, இறங்கு என்றால் எத்ர். ஏற்று, இறக்கு என்றால் அவுவார்.

இங்கே காது கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். ‘இல் சோன்’ என்றால் எத்ர். ‘இல்சோன்’ என்று அவுவாரில் வரும்போது அந்தச் ‘ச’ தேனீ இரைவதுபோல் அதிர வேண்டும். தமிழ் எழுத்தில் இதை எழுத முடியாது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துச் சொல்லுங்கள், விரலில் அதிர்வு தெரிந்தால் அவுவார், தெரியாவிட்டால் எத்ர். நான் குசினியில் தட்டுக் கழுவிக்கொண்டே ஈரக் கையால் தொண்டையைத் தொட்டுச் சொல்லிப் பழகினேன்.

நேர்முகத்தில் அவர் ஏன் காத்திருந்தார் என்பதும் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். ‘ஜ திரவாயே’ என்றால் “நான் தையல் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன்...”. கதை நிற்கிறது, படி ஏறவில்லை. பிறகு என்ன நடந்தது என்று அவர் காத்திருந்தார். அவர் உங்களை மட்டமாக எண்ணவில்லை. ‘ஜே திரவாயே காத்ரான்’ என்றால் நான்கு ஆண்டுகள், பெட்டி மூடியாயிற்று, அவர் எழுதிக்கொள்வார். ‘ஜ’ சொல்லும்போது உதடு குவியும், ‘ஜே’ சொல்லும்போது சிரிக்கிறவர்போல விரியும். கண்ணாடி முன் பத்துத் தடவை சொன்னால் வந்துவிடும்.

மிஷன்வீதி எழுதியது:

கரவெட்டி ஐயா சொன்ன படிக்கட்டை நாளைக்கே என் வகுப்பில் பயன்படுத்தப் போகிறேன். புதுச்சேரியில் 19 ஆண்டுகளாகப் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். இங்கே பிள்ளைகள் இடறுவதும் இதே இடத்தில்தான். இரண்டு விஷயங்களைச் சேர்க்க அனுமதியுங்கள்.

சில வினைகள் காலம் மாறும்போது பொருளையே மாற்றிக்கொள்ளும். அதற்கும் உங்கள் மார்ச் 18 போதும். ‘லே ஷவோ தவே அரிவே’ என்றால் குதிரைகள் வந்திருக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு, வந்தனவா என்பது வேறு. ‘தியேர் ஆ த்யூ கித்தே பரி’ என்றால் தியேர் பாரிசை விட்டுப் போக வேண்டியதாயிற்று, போயும்விட்டார். அன்றைக்கே அவர் வெர்சாய் போய்ச் சேர்ந்தார். ஒரே ‘வேண்டும்’தான், அம்பர்ஃபேயில் நிறைவேறாமல் தொங்குகிறது, பாஸே கொம்போஸேயில் நிறைவேறிவிடுகிறது. ‘தெரிந்திருத்தல்’ என்ற வினையும் அப்படித்தான்: அம்பர்ஃபேயில் தெரிந்திருந்தது, பாஸே கொம்போஸேயில் தெரியவந்தது.

இரண்டாவது, பாஸே சேம்ப்ள். வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் ‘ஆ எத்தே’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃப்யூ’ என்று நிற்கும். அது பாஸே கொம்போஸே செய்யும் வேலையையே புத்தகத்தில் செய்கிறது. பி1 தேர்வில் நீங்கள் அதை எழுத வேண்டியதில்லை, கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும். ஃப்யூ, ஆ யூ இடத்தில் யூ, ஃபீ, வேன், ப்ரீ, நாக்கீ, மூர்யூ. இந்த ஏழையும் முகம் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

இலக்கணத்துக்கு வெளியே ஒரு வார்த்தை. அன்று மாலை லகோந்தையும் இன்னொரு தளபதி க்ளெமான் தோமாவையும் அதே குன்றில் விசாரணை இல்லாமல் சுட்டுக் கொன்றார்கள். ‘ஓன் எத்தே ஃப்யூசியே’, சுடப்பட்டார்கள். இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல நாள் என்று பாதியோடு நிறுத்திவிடக் கூடாது.

கரவெட்டியான் எழுதியது:

டீச்சர் சொல்வது சரி. மதாமும் நிறுத்தவில்லை. தளபதிகள் கொல்லப்பட்டது அதே குன்றில், தேவாலயத்துக்குப் பின்புறம், அப்போது ரோசியே என்று பெயர் இருந்த தெருவில். மே 28ஆம் திகதி, கம்யூனின் கடைசி நாளில், நூல்கட்டும் தொழிலாளியும் கம்யூன் உறுப்பினருமான யூஜேன் வார்லேனை அடித்து இழுத்துக்கொண்டு வந்து அதே தெருவில் சுட்டார்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே இடத்தில் நின்று சொல்ல வைத்தார் மதாம். இரண்டும் ஒரே காலம், ஒரே செயப்பாட்டுவினை. அதற்குப் பிறகு அன்று வகுப்பு நடக்கவில்லை. தெருமுனையில் கோப்பி வாங்கித் தந்தார், குடித்துவிட்டுப் போனோம்.

மாலா93 எழுதியது:

கரவெட்டி அண்ணா, டீச்சர், பத்மா அக்கா, மூவருக்கும் நன்றி. நேற்று இரவு பிள்ளை நித்திரையான பிறகு இருந்து எழுதினேன். பார்த்துத் திருத்துங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஏன் அப்படி எழுதினேன் என்றும் போடுகிறேன்.

‘ல தீசுயித் மார்ஸ், இல் ஃபெஸே ஃப்ருவா.’ மார்ச் 18, குளிராக இருந்தது. நிற்கிறேன்.

‘லே சொல்தா சோன் மோந்தே ஆ மோன்மார்த்ர்.’ ஏறு, எத்ர்.

‘லே ஃபாம் ஓன் வென்யூ.’ பெண்கள் வந்தார்கள். ஒரு படி.

‘லகோந்த் தொன்னே த்ருவா ஃபுவா லோர்த்ர் த தீரே.’ லகோந்த் மூன்று தடவை சுட ஆணையிட்டார். மூன்று தடவை திரும்பத் திரும்பச் செய்ததால் வழக்கம் என்று நினைத்து அம்பர்ஃபே போட்டேன்.

‘லே சொல்தா நோன் பா தீரே.’ படைவீரர்கள் சுடவில்லை.

கரவெட்டியான் எழுதியது:

நல்ல பத்தி. இரண்டு இடம் மட்டும்.

பெண்கள் வந்தார்கள் என்பது ‘சோன் வென்யூ’. வாசல் வினை, பத்மாவின் வீட்டுக்குள் இருப்பது. எழுதும்போது பெண்கள் பலர் என்பதைக் காட்ட முடிவில் இரண்டு எழுத்துக் கூடும், காதுக்குக் கேட்காது, தேர்வுத் தாளில் கேட்கும்.

மூன்று தடவை என்ற பிழையை நானும் விட்டிருக்கிறேன். எண்ணிச் சொல்லிவிட்டால் அது பெட்டிதான். மூன்று தடவை ஆணையிட்டார், முடிந்தது: ‘லகோந்த் ஆ தொன்னே த்ருவா ஃபுவா லோர்த்ர்’. எத்தனை தடவை என்று எண்ணாமல் “அடிக்கடி ஆணையிடுவார்” என்றால்தான் அம்பர்ஃபே. நம் ‘வார்’ வருகிறதா என்று பாருங்கள். “மூன்று தடவை ஆணையிடுவார்” என்று தமிழில் வராது, ஆகவே அங்கேயும் வராது.

கடைசி வரி அப்படியே இருக்கட்டும். ‘சுட்டுக்கொண்டிருக்கவில்லை’ என்று அதை அம்பர்ஃபேயில் போட்டிருந்தால், அந்த நேரத்தில் அவர்கள் வேறு ஏதோ வேலையாக இருந்தார்கள் என்றுதான் ஆகும். ‘நோன் பா தீரே’ என்றால் ஆணை வந்தது, துப்பாக்கி கையில் இருந்தது, சுடவில்லை. சுடாமல் இருந்ததும் ஒரு செயல். அதுவும் ஒரு படி.

ஒரு வேலை தருகிறேன். அதே இரண்டாம் இலக்க மெட்ரோவில் லாச்சப்பலிலிருந்து மறுபக்கம் ஏறுங்கள். ஸ்தாலின்கிராத், ஜோரேஸ், கொலோனல் ஃபாபியான், பெல்வில், கூரோன், மெனில்மோந்தான், ஏழாவது பேர் லஷேஸ். தொடங்கியது அன்வேருக்கு மேலே என்றால், முடிந்தது அங்கேதான். மே 21ஆம் திகதி வெர்சாயிலிருந்த தியேர் அரசின் படை நகருக்குள் நுழைந்தது. ஒரு வாரம் தெருத் தெருவாகச் சண்டை. கொல்லப்பட்டவர்கள் பல்லாயிரம் என்பார்கள், வரலாற்றாசிரியர்கள் இன்னும் எண்ணிக்கையில் ஒத்துப்போகவில்லை. கடைசியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சண்டை நடந்தது. பிடிபட்ட 147 பேரைக் கிழக்கு மூலை மதிலோரம் நிறுத்திச் சுட்டார்கள். அந்த மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் என்ன காலம் இருக்கிறது என்று பார்த்து வந்து எழுதுங்கள்.

மாலா93 எழுதியது:

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை போனேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலிருந்து அந்த மூலைக்கு நல்ல நடை, இரண்டு தடவை வழி கேட்டேன். இரண்டு தடவையும் பிரெஞ்சில்தான் கேட்டேன்.

டீச்சர் சொன்ன ஏழு முகத்தில் ஒன்றாவது இருக்கும் என்று கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கல்லில் இருந்தது இவ்வளவுதான்: ‘ஓ மோர் த லா கொம்யூன், 21–28 மே 1871’. கம்யூனின் இறந்தவர்களுக்கு. வினைச்சொல் இல்லை. எந்தக் காலமும் இல்லை. யாரோ சிவப்புப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், மழையில் நனைந்திருந்தது.

இங்கே என்ன நடந்தது என்று பிள்ளை கேட்டான். அவன் பள்ளியில் பிரெஞ்சுதான் பேசுகிறான், ஆகவே பிரெஞ்சிலேயே சொன்னேன். ‘சாந்-காராந்த்-செத் பெர்சொன் ஓன் எத்தே ஃப்யூசியே இசி.’ 147 பேர் இங்கே சுடப்பட்டார்கள். ‘ஓன் எத்தே’தானே, அண்ணா? அவன் திருத்தவில்லை.

கரவெட்டியான் எழுதியது:

‘ஓன் எத்தே’தான், தங்கச்சி.